எழுநூறு மில்லி

காலையில் அளந்து ஊற்றி வைக்கிறேன்.
பழைய குளிர்பானப் பாட்டில்.
மேலே மார்க்கர் பேனாவால் நான் போட்ட கோடுகள்:
மாத்திரைக்கு இவ்வளவு,
கஞ்சிக்கு இவ்வளவு,
ராத்திரி நாக்கு அண்ணத்தில் ஒட்டும்போது
நனைத்துக்கொள்ள இந்தக் கடைசி விரற்கடை.
ஒரு நாளைக்கு இதுதான் என் தம்பிக்கு.
கண்மாய் மறுகால் போனால்
கட்டிலுக்கடியில் தண்ணீர் நிற்கும்
செல்லூர்த் தெருவில் பிறந்தவனுக்கு.

செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரி.
டயாலிசிஸ் மிஷினுக்கு மாமியார் என்று
பெயர் வைத்திருக்கிறான் ஒச்சப்பன்.
"உள்ள இருக்கறதப் பூராம்
உறிஞ்சிட்டுத்தான் விடுவா."
பக்கத்துக் கட்டில் மேலூர்க்காரர்
இருமல் வரும்வரை சிரிப்பார்.

முதல் நாள்
டெக்னீஷியன் ஜெபசீலி
அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கட்டினார். தட்டினார்.
முழங்கைக்கு உள்ளே கயிறு மாதிரி இறுகி
கறுத்துக் கிடந்ததைத் தடவினார்.
"எங்கப்பா போச்சு நரம்பெல்லாம்?"
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சுவரில் இருந்த காலண்டரில்
அமாவாசை என்றைக்கு என்று பார்த்தேன்.

ஆற்றுப் பாலத்துக்குக் கீழே
செல்போன் வெளிச்சம்கூட இல்லாமல்
ஒரே குத்தில் நரம்பு பிடித்துக் கொடுத்தவன் நான்.
அவனுக்குப் பத்தொன்பது வயது.
கிரில் பட்டறையில் குனிந்து குனிந்து
முதுகு விட்டுப்போச்சுண்ணே என்றான்.
வலி மாத்திரைதானடா, வா என்றேன்.
"மாத்திரைன்னா முழுங்கணும்ல?"
அதற்கு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே,
அது இன்னும் அந்தப் பாலத்தடியில்தான் கிடக்கிறது.
கல்லாவுக்கு அடியிலிருந்து அட்டை எடுத்துக் கொடுத்த
மருந்துக்கடைக்காரன்மேல் போட்டுப் பார்த்தேன்.
பட்டறை முதலாளிமேல் போட்டுப் பார்த்தேன்.
யார்மேலும் நிற்கவில்லை.

இப்போது அவனுக்குக் கழுத்தில் குழாய்.

ஒண்ணு அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று
நானாகத்தான் போனேன்.
ரத்த வகை சேர்ந்தது.
அம்மா அன்றைக்கு மாரியம்மனுக்குத்
தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டாள்.
மறுவாரம் டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.
"உங்களுதும் ஒழுகுது தம்பி.
புரதம் இறங்குது. ரத்தத்துல கிருமி வேற.
நீங்களும் போட்டீங்களா?"
விட்டு மூணு வருஷமாச்சு சார் என்றேன்.
அவர் தேதி எழுதிக்கொண்டார்.
எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலை என்று
இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அந்தக் காகிதம்
வண்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது,
இன்சூரன்ஸோடு மடித்து.
சேரவில்லையாம் என்று மட்டும்
வீட்டில் சொன்னேன்.

சித்திரையில் அழகரைப் பார்த்தே ஆகணும் என்றான்.
மூன்று வருஷம் தோப்பரை சுமந்து
தண்ணீர் பீய்ச்சியவன்.
குழாய் நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றி,
அதன்மேல் துண்டு சுற்றி
யானைக்கல் ஓரம் கூட்டம் ஓயும் இடமாக
நிறுத்தினேன்.
குதிரை தெரியவில்லை. குடைதான் தெரிந்தது.
எங்கிருந்தோ ஒரு பொடியன்,
இடுப்பளவு தோல்பை,
நேராக முகத்தில் அடித்துவிட்டு ஓடினான்.

கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
ஒச்சப்பன் அசையாமல் நின்றான்.
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.
மீசையிலிருந்து சொட்டியது உள்ளே போனது.
"இதுக்குக் கணக்கு உண்டாண்ணே?"

இல்லடா என்றேன்.

வீட்டுக்கு வந்து
குழாய்க் கட்டைப் பிரித்தேன்,
காய்ந்துதான் இருந்தது.
பிறகு அடுப்படியில் திரும்பி நின்று
பாட்டிலைச் சாய்த்து
ஒரு கரண்டித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

வாசலில் நின்று
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.